தாய்மையும் புகையிலையும்
(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆடலும் பாடலும் நாடகமும் நிறைந்த இவ்விழாவின் இடையே சிறிது நேரம் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். இலக்கியம் பேசுதற்கு நம்மிடையே புலமை மிக்கோர் பலர் உளர். நானோ சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதும் ஒரு குமாஸ்தா. பத்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை நிறுத்திக் கொண்டவன். மருத்துவனும் அல்லேன். ஆயினும், சில ஆண்டுகளாக என் மனத்தை உறுத்தி வரும் ஒரு பொருளைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். சங்கத்தாரும் மனமுவந்து இசைந்தனர். அப்பொருள், கருவுற்ற தாய்மாரும் பிள்ளை பெற்ற தாய்மாரும் புகையிலையை விட்டொழிக்க நாம் எவ்வாறு துணை நிற்பது என்பதாகும்.

"விழா மேடையில் பேசத்தக்க பொருளா இது?" என்று சிலர் எண்ணக் கூடும். நம் தமிழ்ப் பெண்களுக்கும் புகையிலைக்கும் என்ன தொடர்பு என்று வேறு சிலர் வினவக் கூடும். இரண்டு ஐயங்களுக்கும் விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

வள்ளுவப் பெருந்தகை மக்கட்பேறு என்று ஓர் அதிகாரம் வகுத்தார். கள்ளுண்ணாமை என்று மற்றோர் அதிகாரம் வகுத்தார். புகையிலை பற்றி அவர் யாதும் கூறினாரில்லை. காரணம் வெளிப்படை. அச்செடி அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. போர்த்துக்கீசியர் கப்பலேறி வந்த பின்னரே, ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், அது நம் நாட்டில் பரவியது. வெற்றிலையும் பாக்கும் நமக்கு மிகப் பழையவை. புகையிலை இடையில் வந்து அவற்றோடு ஒட்டிக் கொண்ட விருந்தாளி. ஆதலின், புகையிலையை விடுவது பண்பாட்டை விடுவதாகாது. பாக்கும் குற்றமற்றது என்று நான் சொல்ல வரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் பாக்கையும் சேர்த்து 2004-ல் நூல் வெளியிட்டது. எனினும் இன்று என் பேச்சு புகையிலை பற்றியதே.

நாட்டு நிலைமையை முதலில் காண்போம். 2016-17-ல் மத்திய அரசு நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 28.6 பேர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துவதாக அதில் தெரிய வந்தது. பெண்களை மட்டும் எடுத்துக் கொண்டால் நூற்றுக்கு 14.2 பேர். அவர்களுள்ளும் புகைப்பவர் நூற்றுக்கு 2 பேரே. மென்றோ, உள்ளடக்கியோ, பல்லிலும் ஈறிலும் தேய்த்தோ புகையிலையைக் கொள்பவர் 12.8 பேர். மேல்நாடுகளில் கருவுற்ற பெண் சிகரெட்டை விடுவது பற்றிப் பேசுகிறார்கள். நம் நாட்டில் அதே துன்பம் புகையில்லாமல், மணமில்லாமல், பிறர் கண்ணுக்குப் படாமல் வீட்டுக்குள் இருக்கிறது. நாம் குடியேறி வாழும் இச்சத்தீஸ்கர் பகுதியில் அதற்குப் பெயர் குடாக்கு. புகையிலைத் தூளையும் வெல்லப் பாகையும் கலந்து செய்யும் கரிய பசை அது. மராட்டிய நாட்டில் புகையிலையை வறுத்துப் பொடித்து மிஸ்ரி என்பார்கள். இரண்டையும் பெண்கள் பல் துலக்கும் பொருளாகவே எண்ணிக் கையாளுகின்றனர். பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை 1992-ல் மத்திய அரசு தடை செய்தது. ஆயினும் குடாக்கு தன் சொந்தப் பெயரிலேயே சிறு டப்பாக்களில் கடைதோறும் விற்கப்படுகிறது.

அது வயிற்றில் வளரும் சிசுவை எவ்வாறு தாக்குகிறது? நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை எளிய முறையில் கூறுகிறேன். குழந்தைக்கு உணவும் உயிர்க்காற்றும் தாயின் இரத்தத்திலிருந்து நச்சுக்கொடியின் வழியாகவே செல்கின்றன. புகையிலையிலுள்ள நிக்கோட்டின் என்னும் நஞ்சு இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. புகைத்தாலும் மென்றாலும் பல்லில் தேய்த்தாலும் அது இரத்தத்தில் கலந்தே தீரும். நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் உடலையும் அடையும். புகைக்கும்போது மற்றொரு கேடும் சேர்கிறது. கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு, இரத்தத்தில் உயிர்க்காற்று அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்து கொள்கிறது. உயிர்க்காற்றைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலிமையோடு அது பற்றிக் கொள்ளும் என்கிறார்கள். பயணிகள் ஏற வேண்டிய வண்டியில் வேண்டாத சரக்கு ஏறி இடத்தை அடைத்துக் கொண்டால் எப்படியோ, அப்படியே இதுவும். நடைமேடையில் நிற்கும் பயணியாவது அடுத்த வண்டிக்குக் காத்திருக்கலாம். வளரும் சிசுவால் காத்திருக்க முடியாது.

இதன் பயனாகக் குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. மாதம் நிரம்பு முன்னரே பிறக்கிறது. சில சமயம் நச்சுக்கொடி முன்னதாகவே கழன்று தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து நேர்கிறது. குழந்தை இறந்தே பிறக்கும் அவலமும் கூடுதலாக நிகழ்கிறது. இவை வெறும் அச்சுறுத்தல் அல்ல. 1957-லேயே சிம்ப்ஸன் என்னும் அமெரிக்க மருத்துவர், கலிபோர்னியா மாநிலத்தில் ஆயிரக்கணக்கான மகப்பேறுகளை ஆராய்ந்து, புகைக்கும் தாய்மாருக்குக் குறைப்பிரசவம் மிகுதியாக நேர்வதை எடுத்துக் காட்டினார். "அது சிகரெட்டின் கதை; நம் பெண்களின் புகையிலை அப்படியன்று" என்று நெடுநாள் நம்பியிருந்தோம். அந்நம்பிக்கையும் பொய்யாயிற்று. மும்பையில் 1,217 கருவுற்ற பெண்களைப் பின்தொடர்ந்து குப்தா, ஸ்ரீவித்யா ஆகிய இரு ஆராய்ச்சியாளர் நடத்திய ஆய்வு 2004-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் ஏட்டில் வெளிவந்தது. புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரி 105 கிராம் எடை குறைந்தும், சராசரி 6 நாள் முன்னதாகவும் பிறந்தனர் என்பது அதன் முடிவு.

105 கிராம் எனக் கேட்டதும் "இவ்வளவுதானா!" என்று தோன்றும். எடைத் தராசோடு பழகிய என் போன்றவர்க்கு, மூட்டைக் கணக்கில் நூறு கிராம் ஒரு பொருட்டே அன்று. ஆனால் இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் குழந்தையை எடை குறைந்த குழந்தை என்று மருத்துவ உலகம் வகுத்திருக்கிறது. இரத்தசோகையும் உணவுக் குறைவும் உள்ள நம் நாட்டில், அந்தக் கோட்டின் ஓரத்திலேயே பிறக்கும் குழந்தைகள் ஏராளம். கோட்டின் ஓரத்தில் நிற்பவனை விழச் செய்ய ஒரு விரல் போதும். அந்த 105 கிராம் அத்தகைய விரல்.

இனி, எங்கள் குடியிருப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அக்குடும்பம் மாற்றலாகி வேறு மண்டலம் சென்று விட்டது. அந்தப் பெண்மணியின் அனுமதி பெற்றே பேசுகிறேன்; பெயரும் ஊரும் கூற மாட்டேன். திருமணமாகித் தமிழ்நாட்டின் தென்கோடிச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர் அவர். இந்தி ஒரு சொல்லும் அறியார். கணவருக்கோ இரவும் பகலும் மாறி மாறி வேலை. வந்த சில மாதங்களில் அவருக்குக் கடுமையான பல்வலி கண்டது. அண்டை வீட்டார் நல்லெண்ணத்தோடுதான் ஒரு டப்பாவைக் கொடுத்து ஈறில் தேய்க்கச் சொன்னார்கள். வலி மரத்தது. தலை இலேசாகச் சுற்றினாலும் உள்ளத்துக்கு ஒரு தெம்பு பிறந்தது. காலையில் ஒரு முறை தேய்த்தவர், நாளடைவில் நான்கு முறை, ஐந்து முறை தேய்க்கலானார். டப்பா தீர்ந்த நாளில் கை நடுங்கிற்று, யாரைக் கண்டாலும் எரிச்சல் மூண்டது.

பின்னர் அவர் கருவுற்றார். மருத்துவமனைக்குச் சென்றபோது, "தம்பாகு உண்டா?" என்று இந்தியில் கேட்டார்கள். அருகிலிருந்த கணவர் திகைத்து, "எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் யாருக்கும் இல்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மனைவியும் எதையும் மறைக்கவில்லை. அந்தப் பசை புகையிலை என்பதே அவ்விருவருக்கும் தெரியாது! அட்டையில் "இல்லை" என்று எழுதப்பட்டது. எழுதியவர்மேலும் குற்றமில்லை. நாற்பது பேர் வரிசையில் நிற்கையில் ஒரு கேள்விக்கு ஒரு விடை, அவ்வளவே.

என் இல்லாள் ஒருநாள் அவர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, குளியலறை மாடத்தில் அந்த டப்பாவைக் கண்டாள். "இது என்ன, தங்கச்சி?" என்று கேட்டாள். "பல்லுக்குத் தேய்க்கிற மருந்து, அக்கா" என்று விடை வந்தது. அதன்மேல் அச்சிட்டிருந்த எச்சரிக்கைப் படத்தை அப்பெண் கண்டிருக்கிறார். ஆனால் இந்தி எழுத்தைப் படிக்க இயலவில்லை. படத்தைக் கண்டு, அது நோய் வந்தவர்கள் தேய்க்கும் மருந்து என்றே எண்ணிவிட்டார்! அப்போது அவருக்கு மூன்றாம் மாதம் முடியவில்லை.

பெரியோர்களே, இங்கேதான் நம் போன்ற சங்கத்துக்கு வேலை இருக்கிறது. மருந்தும் மருத்துவரும் இவ்வூரில் உண்டு. கேள்வியும் கேட்கப்பட்டது. ஆனால் கேள்விக்கும் விடைக்கும் இடையே மொழி என்னும் மதில் நின்றது. பொதுவாகக் கேட்டால் பொதுவான விடையே வரும். "குடாக்கு தேய்ப்பதுண்டா? கைனி உண்டா? ஜர்தா உண்டா? வெற்றிலையோடு என்ன சேர்த்துக் கொள்கிறாய்? மூக்குப்பொடி உண்டா?" என்று பொருளின் பெயரைச் சொல்லி, தாய்மொழியில், தனியிடத்தில், கணவரும் மாமியாரும் இல்லாத வேளையில் கேட்டால்தான் உண்மை வெளிப்படும். பிரிட்டனில் கருவுற்ற பெண்களை ஒரு கருவியில் ஊதச் செய்து, மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடை அளந்து பார்க்கிறார்கள். புகைப்பவரை அக்கருவி காட்டிக் கொடுக்கும். பல்லில் தேய்ப்பவரை அது காட்டாது. ஆதலால் நம் நாட்டில் அன்போடு கேட்கும் கேள்வியே முதற் கருவியாகும்.

அடுத்து, விட்டொழிக்கும் முறை பற்றிப் பேசுவோம். இதில் நாம் முதலில் கைவிட வேண்டியது வசைமொழி. "பிள்ளைமேல் பாசமிருந்தால் விட மாட்டாளா?" என்று எளிதாகச் சொல்லி விடுகிறோம். நிக்கோட்டின் மூளையைப் பிணிக்கும் பொருள். அப்பிணிப்பை அறுப்பதற்குப் பாசம் தூண்டுகோலாகுமே யன்றித் தனியே போதாது. ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில் புகைக்கும் கருவுற்ற பெண்கள் 612 பேரை இரு பிரிவாக்கி ஓர் ஆய்வு நடத்தினார்கள். அது 2015-ல் வெளியாயிற்று. இரு பிரிவினருக்கும் வழக்கமான ஆலோசனை உதவி உண்டு. ஒரு பிரிவினருக்கு மட்டும், விட்டதைச் சோதனையால் மெய்ப்பித்தால் படிப்படியாக 400 பவுன் வரை கடையில் பொருள் வாங்கும் சீட்டுகள் கூடுதலாக அளித்தார்கள். ஆலோசனை மட்டும் பெற்றவர்களுள் கருக்காலத்தின் இறுதியில் விட்டிருந்தவர் நூற்றுக்கு 8.6 பேர். ஊக்கப் பொருளும் பெற்றவர்களுள் 22.5 பேர். இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. துணையும் ஊக்கமும் மிகுந்தால் விடுவோர் தொகை மிகும் என்பது ஒன்று. அவ்வளவு உதவி கிடைத்தும் நான்கில் மூவரால் விட முடியவில்லை என்பது மற்றொன்று. பிள்ளைமேல் பாசமில்லாத தாய்மாரா அவர்கள்? அல்லர். பழக்கம் அத்துணைக் கொடியது. இதை உணர்ந்தவர் வாயில் வசைமொழி வராது.

நம் நாட்டிலும் துணை உண்டு. 2016-ல் தில்லியிலுள்ள வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் மத்திய அரசு ஒரு தொலைபேசி ஆலோசனை நிலையத்தைத் தொடங்கியது. அதன் எண் 1800-11-2356. கட்டணம் இல்லை. 2018 முதல் புகையிலைப் பொட்டலங்களின் மீதே அந்த எண்ணை அச்சிட வேண்டும் என்று விதித்தார்கள். பின்னர் மும்பை, பெங்களூரு, குவஹாத்தி ஆகிய நகரங்களிலும் கிளை மையங்கள் ஏற்பட்டன. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிலையத்தில் தமிழ் உள்ளிட்ட தென்னாட்டு மொழிகளில் பேசுகிறார்கள். என் இல்லாள் அந்தப் பெண்ணை அருகில் அமர்த்தி அவ்வெண்ணைச் சுழற்றினாள். மறுமுனையில் தமிழ்க் குரல் கேட்டதும் அப்பெண் முதலில் பேசவே இல்லை, அழுதார். இங்கு வந்த பின்னர் தன் உடல்நிலை பற்றித் தன் மொழியில் ஒருவர் கேட்டது அதுவே முதல் முறை என்று பிறகு சொன்னார்.

அவர்கள் கூறிய வழிகள் எளியவை. விடுவதற்கு ஒரு நாளைக் குறித்துக் கொள்ள வேண்டும். அந்நாளில் வீட்டிலுள்ள டப்பாக்களையெல்லாம் அகற்றிவிட வேண்டும். எந்த வேளையில், எந்த நினைவில் கை அதை நாடுகிறது என்று எழுதி வைக்க வேண்டும். வேட்கை எழும்போது உடனே இணங்காமல் சில நிமிடம் தாழ்த்த வேண்டும். ஆழ்ந்து மூச்சிழுத்து விட வேண்டும். சிறிது சிறிதாக நீர் அருந்த வேண்டும். கைக்கு வேறொரு வேலை கொடுக்க வேண்டும். வேட்கை அலை போன்றது. சில நிமிடங்களில் தானே அடங்கும். முதல் வாரம் மிகக் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, மனச்சோர்வு யாவும் வரும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் அவை தணியும். இவற்றோடு மூலகாரணத்தையும் தீர்க்க வேண்டும். அப்பெண்ணுக்கு மூலகாரணம் சொத்தைப் பல். பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று அதைச் சீர் செய்தோம். கருக்காலத்தில் தானாக மருந்து மாத்திரை வாங்கி உண்பது கூடாது. பிறருக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் கருவுற்றோருக்கு ஏற்றவை அல்ல. மருத்துவர் சொல்லே முடிவு.

"மாதங்கள் கடந்து விட்டன, இனி விட்டு என்ன பயன்?" என்று எவரும் சோர்ந்து விட வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் முதற் பிள்ளையைச் சுமந்த 2,500 பெண்களிடம் செய்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. பதினைந்தாம் வாரத்துக்குள் புகைப்பதை நிறுத்தியவர்களுக்குக் குறைப்பிரசவமும் எடைக் குறைவும் புகைக்காதவர்களுக்கு நேரும் அளவிலேயே இருந்தன என்று அது தெரிவித்தது. விரைவில் விடுவது மிக நன்று. பிந்தி விடுவதும் நன்றே. எந்த வாரத்தில் விட்டாலும் எஞ்சிய வாரங்கள் குழந்தைக்கு ஆதாயம். நம் நண்பரின் மனைவி நான்காம் மாதத் தொடக்கத்தில் விட்டார். இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை நிலைத்தார். பெண் குழந்தை பிறந்தது. எடை 2 கிலோ 700 கிராம்.

கதை இத்துடன் முடிந்ததென்று நாங்களும் மகிழ்ந்திருந்தோம். முடியவில்லை. நான் முதன்மையாகக் கூற விரும்புவது இதன் பின் நிகழ்ந்ததையே. கருக்காலத்தில் வீடே கருவுற்றவளைச் சுற்றி நிற்கிறது. வளைகாப்பு, பலகாரம், ஐந்து வகைச் சோறு, மருத்துவப் பரிசோதனை என்று அனைவரும் அவளை நாடுகின்றனர். பிள்ளை பிறந்ததும் அனைவர் கண்ணும் பிள்ளைமேல் திரும்புகிறது. தாய் பின்னணிக்குச் செல்கிறாள். ஊரிலிருந்து துணைக்கு வந்த அன்னையும் மூன்றாம் மாதம் வண்டியேறி விடுகிறார். இரவெல்லாம் குழந்தை அழுகிறது. கணவருக்கு இரவு வேலை. பேச்சுத் துணை இல்லை. "பிள்ளைக்காகத்தானே விட்டேன், பிள்ளைதான் நலமாகப் பிறந்து விட்டதே" என்று மனமும் வழக்காடுகிறது. அந்த நான்காம் மாதத்தில் அந்தப் பெண் மீண்டும் டப்பாவைத் திறந்தார்.

இது இவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. மேல்நாடுகளில் கருக்காலத்தில் புகைப்பதை விட்ட பெண்களுள் பாதிப் பேரோ அதற்கு மேலோ பிள்ளை பிறந்து ஓராண்டுக்குள் பழைய பழக்கத்துக்குத் திரும்பி விடுவதாக ஆய்வுகள் பலகாலும் காட்டியிருக்கின்றன. ஆகவே, உதவி பிரசவ அறையின் வாயிலோடு நின்று விடலாகாது. தாய்க்குச் செல்லும் நிக்கோட்டின் தாய்ப்பாலிலும் கலக்கிறது. அதனால் பாலை நிறுத்தி விடலாம் என்று எண்ணுவது பெரும் பிழை. தாய்ப்பால் தொடர வேண்டும். நிற்க வேண்டியது புகையிலை. வீட்டில் எவரேனும் புகைத்தால், உறக்கத்திலேயே காரணம் விளங்காமல் சிசு இறக்கும் ஆபத்து மிகுகிறது. இழுப்பும் மார்புச் சளியும் காதுச் சீழும் அத்தகைய வீட்டுக் குழந்தைகளை அடிக்கடி வாட்டுகின்றன.

மீண்டும் தொடங்கியதை அப்பெண் தாமாகவே வந்து என் இல்லாளிடம் சொன்னார். ஏன் சொன்னார்? முதல் முறை எவரும் அவரை இகழவில்லை, அதனால் சொன்னார். மீண்டும் அதே எண்ணை அழைத்தார்கள். இம்முறை, "பிள்ளைக்காக அன்று, உனக்காக விடு, பிள்ளைக்கு நெடுநாள் வாழும் தாய் வேண்டும்" என்று மறுமுனையில் கூறினார்களாம். எங்கள் வரிசையிலிருந்த மூன்று வீட்டுப் பெண்கள் முறை வைத்துக் கொண்டு பிற்பகலில் குழந்தையை வாங்கி வைத்திருந்தார்கள். அவர் அந்த நேரத்தில் உறங்கினார். அவ்வுறக்கமே பாதி மருந்தாயிற்று. மாற்றலாகிச் சென்றபோது அவர் விட்டு ஓராண்டு நிறைந்திருந்தது.

இனி ஆடவருக்கு ஒரு சொல். தாய் எந்தப் பழக்கமும் இல்லாதவளாயினும், கணவன் விடும் புகை அவளையும் சிசுவையும் சாரும். 2016-17 கணக்கெடுப்பின்படி நாட்டில் நூற்றுக்கு 38.7 பேர் தம் வீட்டிலேயே பிறர் விடும் புகையைச் சுவாசித்தனர். சன்னலைத் திறந்து வைத்தாலும் அடுத்த அறைக்குச் சென்றாலும் புகை முற்றிலும் நீங்குவதில்லை. நம் ரயில்வே குடியிருப்புகளில் இரண்டு அறைகளே இருக்கையில் புகை எங்கே செல்லும்? பெட்டியில் புகைக்கலாகாது என்பதற்கு 1989-ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டத்தில் விதி இருக்கிறது. பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்க 2003-ல் சட்டம் இயற்றி, 2008 அக்டோபர் 2 முதல் விதிகளையும் கடுமையாக்கினார்கள். முன்பின் அறியாத பயணிக்குச் சட்டம் அளிக்கும் தூய காற்றை, நம் சொந்த மனைவிக்கு நாம் அளிக்கக் கூடாதா? மேலும், கணவன் புகைத்துக் கொண்டே மனைவியை விடச் சொல்வது நடவாது. இருவரும் சேர்ந்து விடுவதே இயல்பு.

குமாஸ்தாவாகையால் ஒரு சிறு கணக்கும் கூறுகிறேன். நாளொன்றுக்கு 20 ரூபாய் புகையிலைக்குச் செலவாகிறது என்று கொள்வோம். கருக்காலம் 280 நாள். செலவு 5,600 ரூபாய். ஓராண்டுக்கு 7,300 ரூபாய். அத்தொகைக்கு நாள்தோறும் ஒரு முட்டையும் ஒரு குவளைப் பாலும் வாங்கப் பெரும்பகுதி கிட்டும். கெடுதலை நிறுத்திய கையோடு நன்மையும் வந்து சேரும்.

நிறைவாக, நம் சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது: இந்தி அறிந்த நம் தாய்மார் சிலர் முன்வந்து, புதிதாக வந்து கருவுற்ற தமிழ்ப் பெண்களுடன் மருத்துவமனைக்குத் துணை செல்ல வேண்டும். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாள் அரசு மருத்துவமனைகளில் கருவுற்றோருக்கு இலவசப் பரிசோதனை நடத்தும் திட்டம் 2016-ல் தொடங்கப் பெற்றது. அந்நாளையே நம் துணை நாளாகக் கொள்ளலாம்.

இரண்டாவது: நம்மவர் இல்லங்களில் வளைகாப்பு நிகழும்போது, வளையல் அடுக்கிய பின்னர், வீட்டு ஆடவர் "இவ்வீட்டுக்குள் இனிப் புகை இல்லை" என்று சபையறியச் சொல்ல வேண்டும். அதற்குச் செலவில்லை, மந்திரமும் வேண்டியதில்லை.

மூன்றாவது: பிள்ளை பிறந்த பின் முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என மூன்று முறை நம் மகளிர் சென்று பார்க்க வேண்டும். குழந்தையை மட்டுமன்று, தாயையும் நலம் விசாரிக்க வேண்டும்.

நான்காவது: சங்க மண்டபத்து விருந்துகளில் தாம்பூலத் தட்டில் புகையிலையும் ஜர்தாவும் இடம்பெறலாகாது.

இவற்றுள் எதுவும் நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. மொழியை வளர்ப்பதற்காகச் சங்கம் வைத்தோம். பொங்கலும் பட்டிமன்றமும் மொழியை வளர்க்கும் என்பதில் ஐயமில்லை. தனிமையில் தவிக்கும் ஒரு பெண்ணிடம், அவள் அறிந்த சொல்லில், "இது என்ன, தங்கச்சி?" என்று கேட்பதும் மொழித் தொண்டே ஆகும். அந்த ஒரு கேள்வியால் ஒரு குழந்தை நிறைந்த எடையோடு பிறக்குமாயின், அதைவிடச் சிறந்த ஆண்டறிக்கை நம் சங்கத்துக்கு வேறில்லை.